ஓடாத செல்போனுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம்

மாதம் ஒரு தடவையாவது எங்கள் பொம்மையார்பாளையம் தெருக்களில் ஒரு டி.வி.எஸ். வண்டி வரும். பின்னால் மலை மாதிரி பிளாஸ்டிக் குடங்கள், பேசின்கள். முன்னால் கட்டிய ஸ்பீக்கரில் பதிவு பண்ணின குரல் ஓடிக்கொண்டே இருக்கும்: "பழைய செல்போன், ஓடாத செல்போன், டிஸ்ப்ளே உடைஞ்ச செல்போன், தண்ணியில விழுந்த செல்போன், எதுவா இருந்தாலும் கொண்டு வாங்கம்மா, குடம் வாங்கிட்டுப் போங்கம்மா." உங்கள் ஊருக்கும் இந்தக் குரல் வந்திருக்கும்.

நானும் கொடுத்தவன்தான். 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையோரமாகத்தான் ஏறியது. பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. மோட்டார் கொட்டகையில் ஆணியில் மாட்டியிருந்த பையோடு என் போனும் நனைந்து போனது. வீட்டு அலமாரியில் ஏற்கெனவே மூன்று கிடந்தன. சேர்த்து நாலு. "என்னங்க, சும்மா கெடக்கிறதுக்கு ஒரு குடமாவது மிஞ்சட்டுமே" என்று வீட்டில் சொன்னார்கள். கொடுத்தேன். சிவப்புக் குடம் ஒன்று வந்தது. இப்போது அதில்தான் மீன் அமிலம் ஊறுகிறது.

அடுத்த ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஈ.சி.ஆர். சாலைக்கு மேற்கே செம்மண் மேட்டில் எனக்கு இரண்டேகால் ஏக்கர். மணிலா, கொஞ்சம் காய்கறி, கிணற்றடியில் கீரைப் பாத்திகள். மூடாக்குக்கு ஓடையோரத்து முந்திரித் தோப்பில் சருகு அள்ளி வருவோம்; தோப்புக்காரர் தடுக்கமாட்டார். அன்றைக்குச் சருகு பரப்பிக்கொண்டிருந்த அம்மா கூப்பிட்டார். "ஐயா, இதுல என்னமோ பச்சைப் பலகை மாதிரி கெடக்கு, பாருங்க." செல்போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டின் துண்டு. தோப்புக்குப் போய்ப் பார்த்தேன். ஓடைக்கரையில் ஆள் அகலத்துக்கு ஒரு கருப்பு வட்டம். எரித்த வயரின் மிச்சம், உருகின பிளாஸ்டிக் கட்டி, சிம் வைக்கும் தட்டுகள், உப்பிப் போன பேட்டரி இரண்டு. செம்புக்காக வயரை எரித்திருக்கிறார்கள். போர்டில் இருந்து வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குடக்காரர் செய்தாரா, அவரிடம் வாங்கினவர் செய்தாரா, வேறு யாராவதா, எனக்குத் தெரியாது. அதில் என் போனும் இருந்ததா என்பதும் தெரியாது. இருந்திருக்கலாம் என்கிற நினைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது.

இரண்டு பாத்திச் சருகையும் வாரி எடுத்தேன். மேல்மண்ணைக் கையளவு ஆழத்துக்குச் சுரண்டி, மூட்டை கட்டி ஓரமாக வைத்திருக்கிறேன். அந்தக் கீரையை யாருக்கும் விற்கவில்லை, வீட்டிலும் சமைக்கவில்லை. ரூபாய்க் கணக்கில் பெரிய நட்டம் கிடையாது. ஆனால் ஒன்பது வருடமாக ஒரு பிடி யூரியா போடாத மண் அது.

மண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் கையில் இருக்கும் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 விவரங்கள் இருக்கும்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமம். ஈயமும் காட்மியமும் அதில் கிடையாது. பயிருக்கு என்ன குறைகிறது என்று சொல்ல வந்த அட்டை; என்ன விஷம் சேர்ந்திருக்கிறது என்று சொல்ல வந்ததில்லை. அதற்குத் தனியாக ஆய்வகம் தேடி, தனியாகப் பணம் கட்டவேண்டும்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். பழைய போன்களில் போர்டைப் பற்றவைத்த ஈயப் பற்று உண்டு. 2006இல் ஐரோப்பாவும், 2014இல் இந்தியாவும் ஈயத்துக்கு வரம்பு கட்டின பிறகு புதிய போன்களில் அது குறைந்துவிட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கு எரிகிறவை பெரும்பாலும் பழசுதானே. ரொம்பப் பழைய பேட்டரிகளில் காட்மியம் இருந்தது. வயரின் மேலுறை பி.வி.சி.; திறந்த வெளியில் எரித்தால் டையாக்ஸின் வரும். இயற்கை உழவருக்குத் தெரியாததா, பூச்சிமருந்து விஷம்கூட வருடங்கள் போனால் நுண்ணுயிர் தின்று குறையும். ஈயத்தை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. நல்ல மக்கு உள்ள மண் அதைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். காட்மியம் இன்னும் மோசம். அமிலத்தன்மை உள்ள மண்ணில் சுலபமாகப் பயிருக்குள் ஏறும். நெல்லும் கீரையும் அதை நன்றாகவே இழுக்கும். தண்ணீரில் உப்பு ஏறினால் இன்னும் சுலபமாக ஏறும். எங்கள் கரையில் கிணறுகள் வருடா வருடம் உப்பேறிக்கொண்டிருக்கின்றன. மரக்காணத்து உப்பளம் வரைக்கும் போகவேண்டாம், கோடையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரையே வாயில் விட்டால் தெரியும். குழந்தைகள் உடம்பில் இந்த அளவு ஈயம் வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லும்படியான ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எங்கள் ஓடையில் எரிந்தது ஒரு சாக்குதான். உத்தரப்பிரதேசத்து மொராதாபாத்தில் இது ஊர்த் தொழிலாகவே நடந்தது. நாடு முழுக்க இருந்து வந்த போர்டுகளை எரித்து, அந்தச் சாம்பலை ராம்கங்கை ஆற்றில் கழுவிக் கழுவி உலோகம் எடுத்தார்கள். ஆற்றங்கரை கறுத்துப் போனது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் வழக்குப் போனது. கீழே அதே ஆற்றுத் தண்ணீரை வைத்துப் பயிர் பண்ணுகிறவன் யார்? நம்மைப் போல ஒருத்தன்.

இத்தனையும் எதற்காக என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்து மூன்று வருடம் பேங்கில் இருந்தவன், அந்தப் புத்தி போகாது. பத்து லட்சம் செல்போன்களில் சுமார் 34 கிலோ தங்கம் இருக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. அப்படியென்றால் ஒரு போனில் 0.034 கிராம், ஒரு குன்றிமணி எடையில் கால்வாசி. ஒற்றைப் போனில் அது ஒன்றுமில்லை. லட்சக்கணக்கில் சேர்ந்தால் சுரங்கம். ஜப்பான்காரர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 62 லட்சம் பழைய செல்போன்களையும் மற்ற மின்சாதனங்களையும் மக்களிடம் சேகரித்து, 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் எடுத்தார்கள். முறையான ஆலையில், புகையை வடிகட்டி எடுத்தது. ஓடைக்கரையில் எடுக்கிறவருக்குக் கிடைப்பதோ கொஞ்சம் செம்பும், போர்டுக்கு மேல்வியாபாரி தரும் சில்லறையும்தான். மிச்சம் நம் மண்ணுக்கு.

அந்தக் குடக்காரரை நான் திட்டமாட்டேன். வீடு வீடாக வந்து வாங்க அவரை விட்டால் இன்றைக்கு யாரும் கிடையாது. எந்தக் கம்பெனி உங்கள் தெருவுக்கு வந்து ஓடாத போன் கேட்டது?

ஆனால் இதில் இன்னொரு வழியும் இருக்கிறது, பேங்க்காரன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். 2024 ஆகஸ்டில் தெலங்கானாவில் ராமகுண்டம் போலீசார் பீகாரைச் சேர்ந்த மூன்று பேரைப் பிடித்தார்கள். சாக்குகளில் சுமார் 4,000 பழைய போன்கள். ஊர் ஊராகப் பிளாஸ்டிக் சாமான் கொடுத்து வாங்கியவை. பழுது பார்த்து, இணையவழி மோசடிக் கும்பல்களுக்கு அனுப்பவிருந்ததாகப் போலீசார் சொன்னார்கள். யாரோ ஒரு கிழவியின் போன், அதன் ஐ.எம்.இ.ஐ. எண், அதிலிருந்து யாரோ ஒருத்தருக்கு "உங்கள் ஏ.டி.எம். கார்டு முடக்கப்பட்டது" என்று அழைப்பு. கடைசி நாலைந்து வருடச் சர்வீசில் என் மேசைக்கு முன்னால் இப்படி ஏமாந்து வந்து அழுதவர்களை எண்ண முடியாது. மணிலா விற்ற பணம், மகள் கல்யாணப் பணம். ஓடாத போன்தானே என்று கொடுக்கிறோம். ஓடாதது உங்களுக்குத்தான், தெரிந்தவன் கைக்குப் போனால் அரை மணியில் ஓடும்.

எனக்கே அது புரிந்தது கோட்டக்குப்பத்தில் ஒரு பழுதுக்கடைத் தம்பியிடம். இந்த ஐப்பசிக்குப் பிறகு வீட்டில் மிச்சம் இருந்த போன்களை எல்லாம் தேடினேன். மகன் விட்டுப்போனது, மருமகளுடையது, என்னுடையது, பரணில் ஒரு நோக்கியா 1100. மொத்தம் ஆறு. எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். தம்பி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றைத் திறந்து பழைய பல்துலக்கியால் ஏதோ திரவம் தொட்டுத் தேய்த்தார். "சார், இதுக்கு ஒண்ணுமே ஆகல. உப்புக் காத்து. சார்ஜர் சொருகுற இடத்துல பச்சையா பூத்துருக்கு பாருங்க. கடலோரத்துல பாதிப் போன் இப்படித்தான் சாவுது." 80 ரூபாய். போன் ஓடியது. அதைத்தான் நான் இரண்டு வருடமாக அலமாரியில் செத்ததாக வைத்திருந்தேன்.

அந்த நோக்கியா 1100ஐப் பார்த்ததும் தம்பிக்கே சிரிப்பு. 2003இல் வந்தது, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தலையில் டார்ச் லைட். ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் போட அந்த வெளிச்சத்தில்தான் எத்தனை பேர் வரப்பில் நடந்தோம்! பின்மூடியை நகத்தால் தள்ளினால் திறக்கும், பேட்டரியை எடுத்து வேறு போடலாம். தம்பி அதே பி.எல்.5சி பேட்டரி ஒன்றைப் போட்டார். திரை பச்சையாக எரிந்தது.

இப்போது வரும் ஸ்மார்ட்போனில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி மூடிவிடுகிறார்கள். பேட்டரி களைத்தால் போனே செத்த மாதிரி. விதையைத் திருப்பி விதைக்க முடியாதபடி செய்தவர்களை நாம் இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோமே, இதுவும் அந்தச் சாதிதான் என்பது என் கருத்து. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து இதுபோன்ற சாதனங்களின் பேட்டரியை வாங்கினவரே கழற்றி மாற்றும்படி இருக்கவேண்டும் என்று சட்டம் வருகிறது. அதிலும் சில விலக்குகள் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. இணையதளம் நல்லதுதான். கோட்டக்குப்பத்துத் தம்பிக்கு ஒரிஜினல் உதிரிப்பாகம் அதனால் கிடைத்ததா என்று கேட்டேன். கையை விரித்தார்.

ஆறில் மூன்று ஓடின. ஒன்று எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கும் அம்மாவின் மகளுக்குப் போனது; பிளஸ் டூ படிக்கிறாள். நோக்கியா என்னிடமே. மூன்றாவதைத் தம்பியே 1,100 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். கொடுக்கும் முன் செய்தவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றினேன். பணம் அனுப்பும் செயலிகளில் இருந்து கணக்கை நீக்கினேன். கூகுள் கணக்கிலிருந்து வெளியேறினேன். அதற்குப் பிறகுதான் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்து மொத்தத்தையும் அழித்தேன். யாருக்குக் கொடுத்தேன் என்று ஒரு தாளில் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்கினேன். தம்பி சிரித்தார். "பேங்க் சாரு, லோனா குடுக்கறீங்க?"

பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று தடை செய்யப்பட்டதா, போலி எண்ணா என்று பதில் வரும். சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

இனி ஓடாத மூன்று. இங்கேதான் சிக்கல்.

இவற்றை எங்கே கொடுப்பது? சட்டம் இல்லாமல் இல்லை. மின்கழிவு விதிகள் 2012 மே முதல் நடைமுறையில் இருக்கின்றன. 2016இல் திருத்தி எழுதினார்கள், 2023 ஏப்ரலில் இருந்து புதிய விதிகள். விற்ற கம்பெனியே திரும்பிச் சேர்வதற்குப் பொறுப்பு என்பதுதான் ஆரம்பம் முதல் அதன் அடிப்படை. இப்போது அது எப்படி நடக்கிறது? பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை எவ்வளவு உலோகம் மீட்டதோ அதற்குச் சான்றிதழ் உருவாகும். போன் கம்பெனி அந்தச் சான்றிதழை விலைக்கு வாங்கித் தன் கணக்கைக் காட்டும். 2024இல் அரசு இதற்கு ஒரு குறைந்தபட்ச விலை வைத்தது: ஸ்மார்ட்போனுக்குக் கிலோவுக்கு 34 ரூபாய். ஒரு கிலோவுக்கு ஐந்தாறு ஸ்மார்ட்போன் நிற்கும். போனுக்கு ஆறேழு ரூபாய். அந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது என்று சில பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றம் போயிருக்கின்றன! இருபதாயிரத்துக்கு விற்கிற பொருளுக்கு ஆறு ரூபாய். நாம் தக்காளி விற்றுவிட்டு வண்டி வாடகைக்கு நிற்கிற நிலைமை அவர்களுக்கும் வந்துவிட்டது போல.

சான்றிதழ் கைமாறுகிறது. காகிதத்தில் கணக்கு நேராகிறது. பொம்மையார்பாளையத்தில் ஒரு பெட்டி கிடையாது. ஆலைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்கின்றன. பெரிய நிறுவனங்களின் ஒரு லாரிக் கம்ப்யூட்டரை அவர்களே வந்து எடுத்துப் போவார்கள். மூன்று செத்த போனுக்கு யார் வருவார்கள்? ஒரு ஆலைக்குப் போன் போட்டுக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "சார், மினிமம் குவான்டிட்டி வேணும்" என்றார்.

இதே ஸ்ரீபெரும்புதூரில்தான் நோக்கியா 2006இல் ஆலை தொடங்கியது. சுற்றுவட்டாரத்துப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதில் வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போனார்கள். அந்தக் கம்பெனி 2008இல் 13 நாடுகளில் 6,500 பேரிடம் கேட்டுப் பார்த்தது: பழைய போனை மறுசுழற்சிக்குக் கொடுத்தவர்கள் வெறும் 3 சதவீதம், வீட்டிலேயே போட்டு வைத்திருப்பவர்கள் 44 சதவீதம். இவ்வளவு வருடம் கழித்தும் பெரிய மாற்றமில்லை. 2022இல் உலகத்தில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம் என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. ஆலை போய்விட்டது, அதில் செய்த போன்கள் இன்னும் நம் பரணில் இருக்கின்றன.

அதனால் நம் இயக்கத்துக்கு என் யோசனை இது. எரு, விதை, விற்பனை என்று எல்லாவற்றுக்கும் கூட்டாகச் சேர்கிறோம். இதற்கும் சேர்வோம். திண்டிவனம் வட்டாரத்தில் நடக்கும் நம் மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஓடாத போன், வயர், சார்ஜர் எடுத்து வாருங்கள். கூட்டத்துக்கு 60, 70 பேர் வருகிறோம். ஆளுக்கு மூன்று என்றாலே 200 போன். மூன்று கூட்டத்தில் 'மினிமம் குவான்டிட்டி' தேறிவிடும். முதலில் கோட்டக்குப்பத்துத் தம்பி மாதிரி இரண்டு பேரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஓடக்கூடியதை ஓட வைத்து, படிக்கிற பிள்ளைகளுக்கும் புதிதாகச் சேர்கிற உழவர்களுக்கும் கொடுக்கலாம். மிச்சத்தை எடை போட்டு, மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உள்ள ஆலைக்கு அனுப்பி ரசீது வாங்கலாம். வருகிற பணம் கூட்டத்து டீச் செலவுக்குக்கூடப் போதாது, அதைச் சொல்லிவிடுகிறேன். குடக்காரரையும் கூப்பிடவேண்டும் என்பது என் ஆசை. அவர் சேகரிப்பதை எடைக்கு நாமே வாங்கினால் அவர் பிழைப்பும் கெடாது, ஓடைக்கும் போகாது. இதற்கு முதல் பணம் எங்கிருந்து வரும் என்று பொருளாளர் கேட்பார். கேட்கட்டும், பேசுவோம்.

அதுவரை ஒரு எச்சரிக்கை. உப்பிப்போன பேட்டரியைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள், தீப்பிடிக்கும். கழற்ற வந்தால் கழற்றி, வெயில் படாத இடத்தில் காய்ந்த மணல் போட்ட மண்பானையில் வையுங்கள், வைக்கோல் போருக்கும் வீட்டுக்கும் தள்ளி. சருகு அள்ளப் போகிறவர்கள் ஒரு தடவை தரையைப் பார்த்துவிட்டு அள்ளுங்கள்.

என்னுடைய மூன்று போன்களும், அந்த ஓடைக்கரையில் பொறுக்கின இரண்டு பேட்டரியும் மணல் பானையில் இருக்கின்றன. சுரண்டின மண் ஐந்து மூட்டை, கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யாருக்காவது தெரிந்தால் கூட்டத்தில் சொல்லுங்கள்.